துரைக்குத் தோதான ஓட்டம்

சென்னைக் கொளத்தூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கண்ணாடித் தொட்டிகளும் பாலிதீன் பைகளில் தொங்கும் வண்ண மீன்களுமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, மீன் விற்காத தெருக்களும் அங்கே உண்டு, எங்கள் செங்கேணித் தெரு அவற்றில் ஒன்று. மேற்கே பிள்ளையார் கோயிலில் தொடங்கி, கிழக்கே ஒரு பழைய குடோன் சுவரில் முட்டி நின்றுவிடுகிற முட்டுச்சந்து அது. புது ஆள் யாராவது உள்ளே வந்தால் வழி தவறித்தான் வந்திருப்பார் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூங்காவனம் தன் வீட்டு மீன் தொட்டியில் புது ஃபில்டரை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும், தெருவில் காற்று தண்ணீராய் ஓட ஆரம்பித்தது.

காற்று வீசியது என்று நான் சொல்லவில்லை. வீசுகிற காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும், கதவை அறையும், மழை வரப்போகிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போகும். இது கனமாக, மெத்தென்று, தெருவின் தென்புறத்தில் கோயிலிலிருந்து கிழக்கே போய், குடோன் சுவரில் மோதித் திரும்பி, வடபுறத்தில் மேற்கே வந்து, பிள்ளையாரைச் சுற்றி மறுபடியும் தென்புறத்தில் இறங்கியது. தென்புற வீட்டுக் கொடிகளில் புடவைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்தன, வடபுறத்தில் எல்லாம் மேற்கே சாய்ந்தன. பெண்களின் பின்னல்கள் தோளிலிருந்து மெல்ல எழும்பி மிதந்தன. ரங்கபாஷ்யம் சாரின் செய்தித்தாள் கையை விட்டு நழுவி, யாரும் துரத்தாமலே தெருவைச் சுற்றிக்கொண்டு, அவர் காப்பி குடித்து முடிக்கும் நேரத்துக்கு அவர் வாசலுக்கே திரும்பி வந்தது. ரங்கபாஷ்யம் சார் எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர். போட்டியில்லாமல் தேர்வானவர், ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம். அவர் பேப்பரை ஒரு உதறு உதறி, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெள்ளத்தில் கட்டில் மிதந்து போனதைப் பார்த்தவர்கள், குடிநீர்க் குழாயில் சாக்கடை வந்ததைப் பிடித்துக் குடம் நிறைய வைத்திருந்தவர்கள் நாங்கள். தெருவில் காற்று ஓடுகிறது என்றால், சரி, எத்தனை மணிக்கு நிற்கும் என்று மட்டும்தான் கேட்போம். மத்தியானம் கரண்ட் போனபோது நின்றது. பின்னல்கள் தோளில் விழுந்தன, நடந்துகொண்டிருந்தவர்கள் இல்லாத படியில் கால் வைத்தவர்கள் மாதிரித் தடுமாறினார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி ஓடியது. ஆக இது மின்சாரத்தில் ஓடுகிற சமாச்சாரம் என்று புரிந்துகொண்டு, வீடு வீடாகச் சுவிட்சுகளை அணைத்துப் பார்த்து, கடைசியில் எல்லோரும் பூங்காவனம் வீட்டு ஃபில்டருக்கு முன்னால் வந்து நின்றோம்.

அந்தத் தொட்டி பூங்காவனத்தின் கணவர் பக்கிரிசாமிக்காக வாங்கியது. பக்கிரிசாமி மாநகரப் பேருந்து ஓட்டியவர். ரிட்டயர் ஆன மறு வருஷமே பக்கவாதம் வந்து, இடது கால் அவர் பேச்சைக் கேட்காமல் போனது. கொஞ்ச நாளில் பேச்சு திரும்பிவிட்டது, கோபம் அதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டது, கால் மட்டும் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவரை வைது விரட்டிவிட்டு, சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பூங்காவனம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டு, சரி, சுவரைத்தான் பார்ப்பேன் என்றால் அந்தச் சுவரிலாவது உயிருள்ள ஒன்று இருக்கட்டும் என்று, சுவரோரமாக ஒரு சின்னத் தொட்டி வைத்து, நீல நிறத்தில் நீண்ட துடுப்புகளோடு ஒரு ஃபைட்டர் மீனை வாங்கி விட்டாள். ஃபைட்டர் தனியாகத்தான் இருக்கும், இன்னொன்றோடு சேராது, சீண்டினால் சிலிர்த்துக்கொள்ளும். அதற்குத் துரை என்று பக்கிரிசாமியே பெயர் வைத்தார். மனுஷனும் மீனும் நாள் முழுக்க ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கிடந்தார்கள், அதில் அவருக்கு ஏதோ ஓர் ஆறுதல் இருந்தது.

தொட்டியோடு வந்த ஃபில்டர் கெட்டுப்போனபோது, மெயின் ரோட்டில் ஜலால் பாயின் மீன் கடைக்கு அவர் இல்லாத நேரமாகப் போய், இருந்ததிலேயே பெரிய ஃபில்டராகப் பார்த்து வாங்கி வந்தாள் பூங்காவனம். நம்மவர்கள் எதை வாங்கினாலும் அப்படித்தானே: பிள்ளைக்குச் செருப்பு என்றால் வளர்கிற காலுக்கும் சேர்த்து, குக்கர் என்றால் வராத விருந்தாளிக்கும் சேர்த்து. ஒரு ஆளே இறங்கிக் குளிக்கிற தொட்டிக்கு உண்டான ஃபில்டரை இரண்டு குடம் தண்ணீரில் மாட்டினால் தண்ணீர் இன்னும் சுத்தமாகத்தானே இருக்கும் என்று அவள் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உள்ளே புழுக்கமாக இருக்கிறதே என்று பக்கிரிசாமியை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். தென்புற ஓட்டம் அவர் அக்குள்களுக்குக் கீழே புகுந்து, பாரம் தூக்குகிறவன் பதமாகத் தூக்குவதைப் போல அவரைத் தூக்கி நிறுத்தியது. நின்றார். இடது காலை அது முன்னால் கொண்டுபோய் வைத்தது, வலது கால் தானாகப் போனது. லுங்கி படபடக்க, கண் கலங்க, யாரையும் பார்க்காமல், ஒவ்வொரு வாசலாகத் தாண்டிக் கிழக்கே போனார். குடோன் சுவரருகில் ஓட்டம் அவரைத் திருப்பியது. ஸ்டியரிங்கை ஒடிப்பதைப் போலத் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் வளைத்துக்கொண்டு திரும்பினார். தோசை மாவுக் கடைக் கன்னிகா கடையை விட்டு வெளியே ஓடிவந்து, "அண்ணே, ரைட் ரைட்!" என்று கத்தினாள். தெருவே வாசலில் நின்று கைதட்டியது. நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்.

பார்க்காமல் விட்டவள் பூங்காவனம் ஒருத்திதான். ஃபில்டர் முழு வேகத்தில் ஓடினால் அதற்குள் இருக்கிற பஞ்சு அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஓட்டம் திக்கும். ஓட்டம் திக்கினால் நடுத்தெருவில் மனுஷன் விழுவார். அதனால் அவர் நடக்கிற நேரமெல்லாம் அவள் உள்ளே தொட்டியோரம் உட்கார்ந்து, ஃபில்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் தாண்டும்போது அவர் முதுகு ஒரு கணம் தெரியும். "ஏங்க, மெதுவாப் போங்க!" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முதுகிடம்தான் அவள் அதைச் சொல்லிவந்தாள், ஏனென்றால் பக்கிரிசாமி எங்கே போனாலும் ஒரு பஸ் நீளம் முன்னால்தான் போவார், கோயிலுக்கானாலும் சரி, கல்யாணத்துக்கானாலும் சரி, திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அவர் வண்டியிலேயே ஏறினாலும் அவர் முன்னால், அவள் பின்னால். இப்போதும் முதுகு கேட்காமல் போனது. போகட்டும், போகிறாரே என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெரு சீக்கிரம் பழகிக்கொண்டது. வேலைக்குப் போகிறவர்கள் வடபுறத்தில் ஏறிக்கொண்டால் மெயின் ரோடு வரை கால் வலிக்காது என்று கண்டுபிடித்தார்கள், திரும்பும்போது தென்புறம். எதிர்த்து நடக்கிறவர்கள் வீம்பு பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். கிழக்கு மூலையில் ஒரு சுழல் விழுந்ததால், தெருவில் தொலைகிற எல்லாம், ஒற்றைச் செருப்பு, கேஸ் பில், யாரும் தனதென்று ஒப்புக்கொள்ளாத ஒரு சவரி முடி, அங்கேதான் போய்ச் சேர்ந்தது; கன்னிகா தன் மாவுக் கடையை அந்த மூலைக்கே மாற்றிக்கொண்டாள், ஏனென்றால் பொருள்களைத் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஒரு மாப்பிள்ளை அழைப்பு குதிரையில்லாமல் மிதந்து வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் தினமும் குடோன் சுவரருகில் ஒருவர்மேல் ஒருவர் மோதி, வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். ரங்கபாஷ்யம் சார் கூட்டம் போட்டார். காலையில் முழு வேகம், மத்தியானம் பெரியவர்கள் தூங்குவதற்காகப் பாதி, சாயங்காலம் பக்கிரிசாமிக்காக மறுபடி முழு வேகம் என்று கை தூக்கித் தீர்மானம் போட்டோம். நானும் தூக்கினேன். தொட்டிக்குள் இருந்தவனை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது பூங்காவனத்துக்குத்தான், தொட்டியோரம் கிடந்தவள் அவள்தானே. முதல் சில நாள் துரை எதிர்த்து நீந்தினான். பிறகு நீந்தவில்லை. மண் சட்டி ஒன்று உள்ளே கவிழ்த்து வைத்திருந்தது, அதன் பின்னால் ஒண்டிக்கொண்டான். பட்டுத் துணி மாதிரி இருந்த துடுப்புகள் ஓரத்தில் கிழிந்து நூல் நூலாகத் தொங்கின. தீனி போட்டால், அவன் வாயைத் திறப்பதற்குள் ஓட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அவள் ஜலால் பாயைக் கூட்டிவந்தாள்.

ஜலால் பாய் ஃபில்டரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். "அக்கா, நான் கடைல இருந்திருந்தா இத உங்களுக்குக் குடுத்தே இருக்க மாட்டேன். தொட்டில இருக்கிற தண்ணி மணிக்கு நாலஞ்சு தபா ஃபில்டர் உள்ள பூந்து வந்தா போதும், இவனுக்கு அதுகூட ஜாஸ்தி. இது நெல்லு வயல்ல, சும்மா கெடக்கிற தண்ணில பொறந்த சாதி. இவ்ளோ பெரிய துடுப்ப வெச்சிக்கினு எப்டிக்கா எதிர்நீச்சல் போடும்? பொடவையோட ஆத்துல எறங்குன மாதிரி."

"கம்மி பண்ணா எங்க வூட்டுக்காரரு நடக்க மாட்டாரே பாய்."

ஜலால் பாய் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மீன் கடையில் அதற்குப் பதில் இல்லை.

சங்கத்துக்கு இருந்தது. "இதுக்கு ஏம்மா கவலை? மீனை மாத்திடுங்கோ," என்றார் ரங்கபாஷ்யம் சார். "ஓடுற தண்ணில இருக்கிற மீனா பாத்துப் போட்டா தீந்துது." நியாயமாகத்தான் பட்டது. துரையை ஒரு பாட்டிலில் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரை விரும்புகிற, வரிபோட்ட குட்டி மீன்களை விட்டார்கள். ஃபில்டர் முழு வேகத்தில் இரைந்தது. அந்தக் குட்டிகள் குஷியாக எதிர்த்து விளையாடின. தெருவில் ஒரு இலை அசையவில்லை. குட்டிகளை எடுத்துவிட்டுத் துரையை மறுபடி உள்ளே விட்டதும், கொடியில் இருந்த புடவைகள் கிழக்கே சாய்ந்தன.

அப்போதுதான் விளங்கியது. தெருவில் ஓடியது ஃபில்டரின் ஓட்டம் இல்லை, துரை மேல் விழுந்த ஓட்டம். அவன் எதைத் தாங்கிக்கொண்டிருந்தானோ அதன் மேல்தான் நாங்கள் சவாரி செய்துகொண்டிருந்தோம். எல்லோருக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை எல்லோரும் வடபுறத்தில் ஏறித்தான் வேலைக்குப் போனோம். நம்மை நாமே என்ன சொல்லிக்கொள்வது.

பூங்காவனம் யாரிடமும் சொல்லாமல் திருகைத் தினமும் ஒரு மயிரிழை குறைக்க ஆரம்பித்தாள். மயிரிழை என்றால் மயிரிழைதான். மீனும் பிழைக்கட்டும், மனுஷனும் விழாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து. தெருவில் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பக்கிரிசாமி ஆயுசு முழுக்க வண்டி ஓட்டியவர். ஒரு சாயங்காலம் சுற்று முடித்து வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"இன்னா பூங்கா, பிக்கப் கம்மியா கீது?"

"அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"யாருகிட்ட கத உடற? குடோன் திருப்பத்துல தள்ளவே மாட்டேங்குது. நீ கொறைக்கிற."

அவள் கண் தொட்டிப் பக்கம் போனது.

"நான் மறுபடியும் படுக்கைல போய் விழணும்னு பாக்கிறியா?" என்று கத்தினார். தெருவே கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி கூட நின்றது.

பூங்காவனம் அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியவள் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "நீங்க நடக்கிறத நான் ஒரு நாளாவது முழுசாப் பாத்திருக்கனா? இங்க உக்காந்து இவனப் பாத்துக்கினே இருக்கேன். நீங்க நடக்க ஆரமிச்சப்புறம் ஒரு வாட்டியாவது இவன் மூஞ்சியப் பாத்தீங்களா? வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, எவ்ளோ வெக்கணுமோ அவ்ளோ வெக்கிறேன்."

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, பழைய கட்டிலில், பழைய இடத்தில் உட்கார்ந்தார். சட்டிக்குப் பின்னால், கிழிந்த துடுப்போடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து துரை கிடந்தான். நிறம் போய்விட்டிருந்தது. அவரைப் பார்த்ததும் முறைப்பதற்காகச் செவுளை விரிக்கப் பார்த்தான், பாதியிலேயே ஓட்டம் அவனைத் திருப்பிப் போட்டது. மறுபடி ஒருமுறை பார்த்தான். மறுபடியும் திருப்பிப் போட்டது. பக்கிரிசாமி தன் இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தூக்க முடியாத தன் உடம்பை இத்தனை நாளும் தூக்கியவன் யாரென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"எறக்கி வுட்ரு அவன," என்றார். "ஸ்டாப்பிங் வந்துச்சு."

அவள் ஃபில்டரை அடியோடு அணைத்தாள். அதுவும் தப்பாகப் போனது. மறுநாள் தெருவில் காற்று செத்துக் கிடந்தது, சாக்கடை வாடை நின்ற இடத்திலேயே நின்றது, எல்லோரும் கொட்டாவி விட்டு மூச்சுக்குத் தவித்தோம். தொட்டியில் தண்ணீரின் மேல் பாலாடை போல ஒரு படலம் படிந்தது, துரை மேலே வந்து வாயைப் பிளந்தான். ஜலால் பாய் ஓடி வந்தார். "அக்கா, அடிக்கவும் கூடாது, நிக்கவும் கூடாது," என்று சொல்லி, புதுசாகச் சின்ன ஃபில்டர் ஒன்றை மாட்டி, தண்ணீர் விழுகிற வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி, அந்த வாயையும் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டார். தண்ணீர் சுவரில் முட்டி, வேகம் செத்து, வழிந்து இறங்கியது. "இனிமே இதோட திருகையே பாத்துக்கினு இருக்காதீங்க, மீனப் பாருங்க. தீனி போட்டா அவன் நின்ன எடத்துல நின்னு துன்னணும். அதான் அளவு."

பூங்காவனம் ஒரு நாள் முழுக்க அந்த அளவைத் தேடினாள். கொஞ்சம் கூட்டுவாள், ஒரு தீனி உருண்டை போடுவாள், பார்ப்பாள். கொஞ்சம் குறைப்பாள், இன்னொன்று போடுவாள், பார்ப்பாள். சாயங்காலம் போட்ட உருண்டை தண்ணீரில் சோம்பலாக ஒரு அரைவட்டம் அடித்துத் துரையின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. துரை சட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அவசரமில்லாமல் அதை விழுங்கினான். அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

தெருவில் அது தெரிந்ததா என்றால், தெரிந்தது, சும்மா நெற்றி முடி அசைகிற அளவுக்கு. நாங்கள் முணுமுணுத்தோம். கால் கனக்கிறது என்றோம். கன்னிகா மூலையிலிருந்து கடையைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வரும்போது யாரையோ திட்டினாள், யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. ரங்கபாஷ்யம் சார், பொது நன்மையைக் கருதி மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒரு முறை பூங்காவனம் வீட்டுக்குள் போனார். தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினார். மழைக்காலம் வருவதற்குள் எல்லோரும் சொந்தக் காலில் நடக்கப் பழகியிருந்தோம்.

பக்கிரிசாமி மறுபடி படுத்துக்கொண்டார். பூங்காவனம் பயந்தது அதற்குத்தான். ஆனால் சுவரைப் பார்க்கவில்லை, துரையைப் பார்த்தார். துடுப்பு ஓரங்களில் கண்ணாடி மாதிரி புதுச் சவ்வு விட்டது, நீலம் திரும்பியது. ஒருநாள் காலை துரை அவருக்கு நேராக வந்து நின்று, செவுள் இரண்டையும் முழுசாக விரித்து முறைத்தான். பக்கிரிசாமி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பூங்கா," என்று கூப்பிட்டார்.

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"தோள் குடு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் படியிறங்கினார், ஒரு கை அவள் தோளில். தெருவின் மெல்லிய ஓட்டம் அவர் லுங்கியை லேசாக அசைத்தது, அவ்வளவுதான், மிச்சத்தை அவரும் அவளும்தான் செய்ய வேண்டியிருந்தது. இடது கால் இழுத்தது, இழுத்து வைத்தார். முன்னால் போக அவரால் முடியாது, பின்னால் வர அவளுக்கு வழியில்லை. அந்தத் தெருவில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தோம். யாரும் கைதட்டவில்லை. கன்னிகா "ரைட்" என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். உள்ளே யாரும் திருகைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லாமல், தன் பாட்டுக்கு ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் உள்ளேயே உட்கார்ந்திருந்த பூங்காவனத்துக்கு வெளிக்காற்றின் சந்தோஷத்தில் கால் தானாக எட்டிப் போட்டது. குடோன் திருப்பத்தில் பக்கிரிசாமி அவள் தோளை அழுத்திப் பிடித்தார்.

"ஏய், மெதுவாப் போ," என்றார்.

அவள் நின்று, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போனாள்.